பக்கத்தில் நிற்பவன் சிரித்தானா, தடுத்தானா?

நடுவர் அவர்களே, எதிரணிச் சான்றோரே, முன்வரிசை ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, பந்தல் ஓரத்தில் கும்பலாக நிற்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் காரைக்குடி. இங்கே உள்ளவர்கள் குரலை உயர்த்தினால் மயங்க மாட்டார்கள், ஆதாரம் கேட்பார்கள். ஆகவே ஆதாரத்தோடு வந்திருக்கிறேன். பதின்பருவப் பிள்ளையின் பரிவையும் முரட்டுத்தனத்தையும் பெரிதும் உருவாக்குவது பெற்றோரா, நண்பர்களா என்பது தலைப்பு. நான் நண்பர்கள் பக்கம்.

எதிரணித் தலைவர் மூன்று சொன்னார். வீட்டில் நடக்கும் கத்தலில்தான் முரட்டுத்தனம் பிறக்கிறது என்றார். பிள்ளை தப்பு செய்தால் சட்டமே தகப்பனைத்தான் பிடிக்கிறது என்றார். சாதி வெறி வீட்டில்தான் ஊட்டப்படுகிறது என்றார்.

முதலாவதற்கு வருகிறேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் கண்டு சொன்னதை அவர் நன்றாகவே விளக்கினார். பிள்ளை போன் கேட்கிறது, ஆத்தா இல்லை என்கிறார். பிள்ளை கத்த, ஆத்தா அதைவிடக் கத்த, பிள்ளை தட்டைத் தூக்கி எறிகிறது. ஆத்தா போனைக் கொடுத்துவிடுகிறார். வீடு அமைதியாகிவிடுகிறது. எறிந்தால் கிடைக்கும் என்று பிள்ளை கற்கிறது, கொடுத்தால் ஓயும் என்று ஆத்தா கற்கிறார். இது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் அதே பேட்டர்சனும் அவரோடு வேலை பார்த்த தாமஸ் டிஷியனும் அடுத்து என்ன செய்தார்கள் என்பதை அவர் சொல்லவில்லை.

13, 14 வயதுப் பையன்களை அவரவர் நண்பனோடு ஓர் அறையில் உட்காரவைத்து, 25 நிமிடம் பேசவிட்டு, வீடியோ எடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு பேச்சாகப் பிரித்தார்கள். விதியை மீறும் பேச்சா, சாதாரணப் பேச்சா? அதற்கு நண்பன் சிரித்தானா, சும்மா இருந்தானா? சில ஜோடிகளில் சாதாரணப் பேச்சுக்குச் சிரிப்பு வந்தது. சில ஜோடிகளில் விதி மீறும் பேச்சுக்கு மட்டுமே சிரிப்பு வந்தது; அங்கே அந்தப் பேச்சு மேலும் மேலும் வளர்ந்தது. அப்படிச் சிரிப்பு வாங்கிய பையன்கள்தான் அடுத்த இரண்டு ஆண்டுகளில் தவறான வழியில் அதிகம் போனார்கள். 1996-இல் வெளிவந்த ஆய்வு இது.

இதை நம் தெருவில் வைத்துப் பாருங்கள். இரவு எட்டு மணி, டியூஷன் விட்டாயிற்று, டீக்கடை ஓரம் நாலு சைக்கிள். ஒருத்தன் சொல்கிறான்: "பங்காளி, சாரோட வண்டியில காத்தப் புடுங்கிவிட்டேன்டா." மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தால், நாளைக்கு அவன் ப்ளக் வயரையும் பிடுங்குவான். ஒருத்தன் மட்டும், "அவரு வீட்டுக்கு எப்படிடா போயிருப்பாரு? சர்க்கரை வியாதிக்காரருடா" என்று கேட்டால் சிரிப்பு பாதியில் நிற்கிறது. நாளைக்குச் சொல்ல அவனிடம் கதை இருக்காது. அதே அறிவுரையை அப்பச்சி வீட்டில் அரைமணி நேரம் சொன்னாலும் இந்த வேலை நடக்காது. ஏனென்றால் பையன் சம்பாதிக்க நினைத்தது அந்த மூன்று பேரின் சிரிப்பை.

பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். அடங்காத பையன்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து அறிவுரை வகுப்பு எடுப்பது நல்ல எண்ணம்தான். டிஷியன் குழு அதையும் செய்து பார்த்தது. புகையிலைப் பழக்கமும் முரட்டுத்தனமும் கூடின. 1999-இல் அவர்களே அதை வெளிப்படையாக எழுதினார்கள். வகுப்பு எடுப்பவர் கரும்பலகைப் பக்கம் திரும்பும் ஒரு நொடியில் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். பாடம் அங்கே நடந்துவிடுகிறது. ஆகவே சேட்டைக்காரர்களைக் கடைசி பெஞ்சில் ஒன்றாகத் தள்ளாதீர்கள். நிதானமான நாலைந்து பேருக்கு நடுவே ஒருவரை வையுங்கள்.

அடுத்து சட்டம். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. சரிதான். சாவியைக் கொடுத்தவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆக்சிலரேட்டரை முறுக்க வைத்தவர் யார்? 2005-இல் வெளிவந்த ஆய்வில் உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஆடவைத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிகிறது, நிற்பதா போவதா? சிலர் தனியாக ஆடினார்கள், சிலர் இரண்டு நண்பர்கள் பக்கத்தில் இருக்க ஆடினார்கள். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வித்தியாசமே இல்லை. 13 முதல் 16 வயதுக்காரர்கள் நண்பர்கள் எதிரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆபத்தை எடுத்தார்கள். தனியாக ஓட்டியபோதும் அவர்கள் அதே பெற்றோரின் பிள்ளைகள்தானே?

நண்பர்கள் கெடுக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிப் போக நான் வரவில்லை. பரிவும் அங்கேதான் பழகுகிறது. கனடாவில் பள்ளி விளையாட்டுத் திடலில் நடப்பதைக் கேமரா வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளை மற்றவர்கள் சீண்டிய நிகழ்ச்சிகளில் 88 சதவீதத்தில் வேறு பிள்ளைகளும் கூட நின்றார்கள். 19 சதவீதத்தில்தான் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் குறுக்கிட்டார். அப்படிக் குறுக்கிட்டவற்றில் பாதிக்கு மேல், 57 சதவீதம், 10 விநாடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. அவர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள்தாம், பெரிய பையன்களிடம் கொஞ்சம் கூடுதல் துணிச்சல் வேண்டும். முறை ஒன்றுதான்: சீண்டுகிறவனோடு மல்லுக்கு நிற்காதே. மாட்டிக்கொண்டவன் பக்கம் போ, "வாடா, சார் கூப்பிடுறாரு" என்று தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு நட. பார்க்க ஆள் குறைந்தால் சீண்டல் சப்பென்று ஆகிவிடும். வாட்ஸ்அப் வகுப்புக் குரூப்பில் ஒரு பெண்ணின் படத்தை ஸ்டிக்கர் ஆக்கிப் போட்டால், பார்வர்டு செய்யாதே, சிரிக்கும் பொம்மையும் போடாதே. தேதி தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடு. அந்தத் தங்கைக்குத் தனியாக, "பார்த்தேன், நான் உன் பக்கம்" என்று எழுது. பிறகு ஆசிரியரிடம் காட்டு. கேட்க ஆளில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசு.

இது நடக்கும்போது பெற்றோருக்குத் தெரியுமா? ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 2000-இல் காட்டினார்கள்: பிள்ளை வெளியே என்ன செய்கிறது என்று பெற்றோருக்குத் தெரிவது பெரும்பாலும் பிள்ளையே வந்து சொல்வதால்தான். வேவு பார்த்துத் தெரிவது மிகக் குறைவு. ஆச்சிமார்களே, பிள்ளையின் கூட்டாளிகளை வளவுக்குள் வரவிடுங்கள். பலகாரத் தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள், விசாரணை வேண்டாம். யார் சொன்னதற்கு யார் சிரிக்கிறார்கள் என்பது தானாகக் காதில் விழும்.

மூன்றாவது சாதி. எதிரணித் தலைவர் இதைச் சொன்னபோது பந்தலே அமைதியானது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவரையும் அவர் தங்கையையும் அவர் படித்த பள்ளியின் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. சாதியின் பெயரைப் பிள்ளை வீட்டில்தான் கேட்கிறது. அந்தப் பழியிலிருந்து எந்தப் பெற்றோரையும் நான் விடுவிக்க மாட்டேன். ஆனால் கயிறு யார் பார்க்கக் கட்டப்படுகிறது? வகுப்பில் ஒரே நிறக்கயிறு கட்டிய பத்துப் பேர் பார்க்க.

இப்போது கையில் மாட்டும் வேறொரு பட்டையின் கதை. 2012–13 கல்வியாண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 56 பள்ளிகள், 24,191 மாணவர்கள். பாதிப் பள்ளிகளில் ஆய்வாளர் எலிசபெத் பாலக்கின் குழு 20 முதல் 32 மாணவர்களைத் தேர்ந்து அவர்களிடமே பொறுப்பைக் கொடுத்தது. போஸ்டர் அவர்களே எழுதினார்கள். யாராவது சண்டையை விலக்கினால், நட்பாக ஒரு காரியம் செய்தால், அவர் கையில் ஆரஞ்சு நிறப் பட்டையை மாட்டினார்கள். திட்டம் நடக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டால், மாணவர் சண்டைகளுக்கான ஒழுங்கு நடவடிக்கை அந்த ஓராண்டில் 30 சதவீதம் குறைந்தது. மற்றவர்கள் யாரை அதிகம் கவனிக்கிறார்களோ அந்த மாணவர்கள் குழுவில் அதிகம் இருந்த பள்ளிகளில் பலன் இன்னும் கூடுதல்.

அந்தத் திட்டத்தில் பெற்றோருக்கு ஒரு வகுப்புகூட எடுக்கவில்லை. சண்டை எப்படிக் குறைந்தது? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும், நடுவர் அவர்களே. வணக்கம்.