ஐசியூவில் எதிர்ப்பாற்றலை அளப்பது: பிழை டியூபிலேயே தொடங்கிவிடும்

அனைவருக்கும் வணக்கம்.

செப்சிஸ், அதாவது தொற்றால் உறுப்புகளே தடுமாறும் நிலையில் உள்ள நோயாளி ஒருவருக்கு ஐந்தாம் நாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, ரத்தச் சோதனையில் சிஆர்பியும் குறைந்துவருகிறது. எட்டாம் நாள் வென்டிலேட்டர் நிமோனியா பிடிக்கிறது. இதை சிஆர்பி முன்கூட்டிச் சொல்லாதா என்று கேட்பார்கள். சொல்லாது. சிஆர்பியும் ப்ரோகால்சிடோனினும் அழற்சி எவ்வளவு என்று காட்டுபவை. புதிய கிருமி வந்தால் இந்த ரத்தத்தின் செல்கள் எழுந்து நிற்குமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் தரும் சோதனைகளில் இரண்டை இன்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டுமே அன்றைக்கே முடிவு தருபவை. அவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் இயந்திரம் அல்ல. வார்டிலிருந்து லேபுக்கு வரும் வழிதான்.

முதலாவது, மோனோசைட் என்ற வெள்ளையணுவின் மேல் எச்எல்ஏ-டிஆர் என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுவது. கிருமியின் துண்டை, எதிர்ப்பை நடத்தும் டி செல்லுக்கு எடுத்துக்காட்டும் தட்டு அது. தட்டு குறைந்தால் டி செல்லுக்குத் தகவல் போகாது. ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஈடிடிஏ டியூபில் எடுத்த ரத்தம் 50 மைக்ரோலிட்டர், ஒளிரும் சாயம் ஒட்டிய ஆன்டிபாடி கலவை 20 மைக்ரோலிட்டர், இருட்டில் 30 நிமிடம். பிறகு சிவப்பணுக்களை உடைத்து, செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்ட வேண்டும். கூடவே சாயத்தின் அளவு தெரிந்த நுண்மணிகளையும் ஓட்டினால் ஒளியின் அளவை 'ஒரு செல்லுக்கு இத்தனை ஆன்டிபாடி' என்று மாற்றலாம். நல்ல உடம்பில் 15,000-க்கு மேல் இருக்கும். 8,000-க்குக் கீழே போனால் கவலை, 5,000-க்குக் கீழே என்றால் செல்கள் முடங்கிவிட்டன என்று பொருள். மணிகள் இல்லாமல் 'எத்தனை சதவீத மோனோசைட் பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதும் லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

வழியில் என்ன கெடும்? டியூபை மேசையில் விட்டால், அறை வெப்பத்தில் மோனோசைட் தானாகவே எச்எல்ஏ-டிஆரை மேலே கொண்டுவரும். முடங்கிய நோயாளி நலமானவர்போல் தெரிவார். இந்தப் பிழை எண்ணைக் கூட்டித்தான் காட்டும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எடுத்தவுடன் ஐஸ் பெட்டி, 4 டிகிரி, நான்கு மணி நேரத்துக்குள் ஆன்டிபாடிச் சாயம். ஐஸ் கட்டியில் நேராகப் புதைக்காதீர்கள். ரத்தம் பனிக்கட்டிபோல் உறைந்து அணுக்கள் உடைந்தால் எதையும் எண்ண முடியாது.

இன்னொரு கண்ணி இயந்திரத்தின் முன் அமர்பவருக்கு. செப்சிஸில் மோனோசைட்டை அடையாளம் காட்டும் சிடி14 மங்கிவிடும். மங்கலான கூட்டத்தை வெட்டிவிட்டுப் பளிச்சென்று தெரிபவற்றை மட்டும் எண்ணினால் சராசரி பொய்யாகிவிடும்.

இரண்டாவது சோதனை செல்லையே சீண்டிப் பார்ப்பது. ஹெபாரின் டியூபில் எடுத்த ரத்தம் 50 மைக்ரோலிட்டரை, மில்லிலிட்டருக்கு 500 பிகோகிராம் எல்பிஎஸ் (பாக்டீரியாவின் உறையிலுள்ள நச்சு) உள்ள ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் சேர்த்து 37 டிகிரியில் நான்கு மணி நேரம் வைக்கிறோம். செல்கள் வெளிவிடும் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை அளக்கிறோம். இந்த முறையில் மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் எதிர்ப்பாற்றல் முடக்கம் என்பதைக் குழந்தைகள் ஐசியூ ஆய்வுகளில் எல்லையாக எடுத்துக்கொண்டார்கள். இங்கே ஈடிடிஏ கூடாது. அது கால்சியத்தைக் கட்டிப்போடும். செல் சரியாகப் பதில் சொல்லாது. எல்பிஎஸ் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கியே எடுங்கள். எல்பிஎஸ் சேர்க்காத ஒரு குழாயும் பக்கத்தில் ஓட வேண்டும். அதிலும் டிஎன்எஃப் வந்தால் ரத்தத்திலோ பிபெட் முனையிலோ ஏற்கெனவே நச்சு கலந்திருக்கிறது.

டிஎன்எஃப் குறைந்ததென்று உடனே முடக்கம் என்று எழுதிவிடவும் கூடாது. கீமோ எடுத்த நோயாளியிடம் மோனோசைட்டே ஒன்றிரண்டுதான் இருக்கும். எண்ணிக்கை குறைவா, திறன் குறைவா என்பதை அதே நாள் எடுத்த ரத்த அணு எண்ணிக்கை (சிபிசி) சொல்லும். ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு இரண்டு சோதனைகளையுமே கீழே இழுக்கும்.

எப்போது எடுப்பது? பெரிய அறுவைசிகிச்சை, விபத்து, செப்சிஸ் எதுவானாலும் முதல் இரண்டு நாள் பெரும்பாலோருக்கு எச்எல்ஏ-டிஆர் எண் விழும். அது ஒன்றும் சொல்லாது. மூன்றாம் நாளுக்கு மேல் ஏறுகிறதா, கிடந்த இடத்திலேயே கிடக்கிறதா என்பதுதான் சேதி. ஒரே முறை எடுத்துவிட்டு ஃபைலில் ஒட்டுவது வீண் செலவு.

சிகிச்சைக்கு வருவோம். 1997-ல் பெர்லினில் சில செப்சிஸ் நோயாளிகளுக்கு, எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் இன்டர்ஃபெரான் காமா கொடுத்தபோது மோனோசைட்டின் எச்எல்ஏ-டிஆர் மீண்டது. 2009-ல் அங்கேயே 8,000-க்குக் கீழே இருந்த 38 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற இன்னொரு தூண்டுமருந்தைச் சோதித்தார்கள். மருந்து பெற்றவர்களின் எண் சரியானது. ஆனால் எண் திரும்புவதும் உயிர் திரும்புவதும் ஒன்றல்ல. உயிர் பிழைப்பதைப் பற்றித் தீர்ப்பு சொல்ல 38 பேர் போதாது. என் கணிப்பில், இந்த எண்ணின் இன்றைய பயன் யாருக்கு மருந்து கொடுக்கலாம் என்று பிரிப்பதில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே தூண்டுமருந்தை ஊற்றினால், அழற்சியில் எரிந்துகொண்டிருப்பவருக்கும் சேர்த்தே எண்ணெய் ஊற்றுவோம்.

நர்ஸ்களிடம் ஒரு வேண்டுகோள். டியூப் லேபிளில் ரத்தம் எடுத்த நேரத்தை எழுதுங்கள். லேபுக்கு வந்த நேரத்தை நாங்களே குறித்துக்கொள்வோம். கடைசி ஸ்டீராய்டு டோஸ் எப்போது என்பதையும் அதற்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.