வன்னியில் டைனோசர் எலும்பு ஏன் கிடைப்பதில்லை?

[காட்சி: வவுனியாவில் ஒரு கருங்கல் குவாரி. உடைத்த கல் ஒன்று கையில்.]

இந்தக் கல்லை உற்றுப் பாருங்கள். வெள்ளையும் கறுப்புமாக வரி வரியாக ஓடுகிறது. வெயிலில் திருப்பினால் காக்காப்பொன் மின்னுகிறது. நம் வீட்டு அத்திவாரங்களுக்குள் கிடப்பதும் இப்படிப்பட்ட கல்தான்.

வன்னியில் டைனோசர் வாழ்ந்ததா என்று கேட்கும் பிள்ளைக்கு முதலில் இந்தக் கல்லைத்தான் காட்டவேண்டும். பூமியின் ஆழத்தில் வெந்து நெளிந்து உருமாறிய பாறை இது. வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். டைனோசர்கள் தோன்றியதோ ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். இதற்குள் எலும்பைத் தேடிப் பயனில்லை.

ஆனால் அவை இங்கே நடமாடியிருக்கலாம். அந்தக் காலத்தில் இலங்கை, இந்தியா, மடகஸ்கார், அண்டார்டிக்கா எல்லாம் கொண்டுவானா என்ற ஒரே நிலப்பரப்பு. செத்த விலங்கைச் சேறும் மணலும் உடனே மூடவேண்டும். மூடிய படிவு மழையிலும் ஆற்றிலும் கரையாமல் நிற்கவேண்டும். அப்போதுதான் உயிர்ச்சுவடு மிஞ்சும்.

பூநகரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் கடலடியில் படிந்ததுதான். ஆனால் அது படிந்தபோது டைனோசர்கள் அழிந்து 4 கோடி ஆண்டுகளுக்கும் மேல் கழிந்துவிட்டன. டைனோசர் காலத்துப் படிவுகள் மன்னார் வளைகுடாவின் அடியில் இருக்கின்றன. 2011இல் இயற்கை வாயு தேடித் துளையிட்டவர்கள் அவற்றைத் தொட்டார்கள். நம்மால் அங்கே போய்க் கிண்ட முடியாது.

[காட்சி: வரைபடம். வவுனியாவிலிருந்து அரியலூர் வரை ஒரு கோடு.]

கடலுக்கு அப்பால், நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தூரத்தில், தமிழ்நாட்டின் அரியலூர். அங்கே கல்லமேட்டில் கிடைத்த பேருருவின் எலும்புகளுக்கு 1987இல் புருகத்காயோசோரஸ் என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் ஏறத்தாழ 2 மீற்றர் நீளம். உலகில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் பின்னர் உதிர்ந்து அழிந்துபோயின. எஞ்சியவை படங்களும் குறிப்புகளும்தான். அது எலும்பா, கல்லாகிப்போன மரத்தண்டா என்றுகூடச் சிலர் ஐயப்பட்டார்கள். அந்த இழப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அதே கல்லமேட்டுப் படிவில் கிடைத்த சின்னஞ்சிறு பல் ஒன்றைப் பற்றி 2013இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதைப் பறவைகளுக்கு நெருங்கிய உறவான துரூடொன்டிட் குடும்பத்துப் பல் என்றார்கள். அதுவரை அக்குடும்பம் வட கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. கண்டங்கள் பிரியும் முன்பே அவை தெற்கிலும் பரவியிருந்தனவா, பிறகு எப்படியோ வந்து சேர்ந்தனவா? ஒரே பல்லை வைத்துக் குடும்பம் சொல்லலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. என்னைக் கேட்டால், பேருருவின் காலெலும்பைவிட இந்தப் பல்தான் நமக்கு வழிகாட்டி. எலும்பு உதிர்ந்த இடத்திலும், மிளிரி என்ற கடினமான மேற்பூச்சுப் பூண்ட பல் தங்கிவிடும்.

[காட்சி: அநுராதபுரம் புத்தளம் வீதி, தப்போவ.]

அப்படியானால் இலங்கையில் எங்கே தேடுவது? என் தெரிவு தப்போவ. வன்னிக்குத் தெற்கே, புத்தளத்துக்கு அருகில், பழைய பாறை கீழிறங்கிய பள்ளத்தில், டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக் காலத்துப் படிவு சிறிதளவு தப்பியிருக்கிறது. அதில் பன்னம் முதலிய தாவரங்களின் இலைத் தடங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றைத் தின்ற விலங்கு ஏதும் அங்கே பல்லை உதிர்த்ததா என்பதை அறியப் பெரிய இயந்திரம் தேவையில்லை. மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி, நீரில் அரித்து, சல்லடையில் தங்குவதை உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பார்க்கும் பொறுமையும், அதைச் செய்ய முன்வரும் மாணவர்களும் போதும்.