பிள்ளை எழுதும் பிழைக்கு ஒரு காரணம் உண்டு

நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வேலை முடிந்து கால் நீட்டி உட்கார்ந்தபடி கேட்பவர்களுக்கும், அடுப்படியில் இருந்தபடியே காது கொடுப்பவர்களுக்கும் வணக்கம்.

நம் மலேசியத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் போகிற பிள்ளைக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழி. ஆனால் எழுத்து வகை இரண்டுதான், தமிழும் ரூமியும். ரூமி என்பது மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் பொதுவான ரோமன் எழுத்து. வீட்டில் தமிழ் சொல்லிக் கொடுத்தால் மலாய் குழம்பிவிடும் என்று சில பெற்றோர் பயப்படுகிறார்கள். பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். குழப்பம் அதிகம் இருப்பது மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் இடையில்தான். தமிழ் எழுத்து பார்க்கவே வேறு மாதிரி இருப்பதால் தனியாக நின்றுகொள்ளும். ரூமியில் எழுத்து ஒன்று, சத்தம் இரண்டு. அங்கேதான் வில்லங்கம்.

'சி' என்கிற எழுத்தையே எடுத்துக்கொள்வோம். மலாயிலும் அதன் பெயர் 'சி', ஆங்கிலத்திலும் 'சி'. ஆங்கிலத்தில் பூனையை எழுதும்போது அது 'க்' என்று ஒலிக்கும். மலாயில் கோப்பையை, அதாவது 'சாவான்' என்று எழுதும்போது, நம்முடைய 'பச்சை'யில் வரும் 'ச்'. பஸ்ஸுக்கு ஆங்கிலத்தில் பி-யு-எஸ், மலாயில் பி-ஏ-எஸ். போலீஸுக்கு மலாயில் கடைசி எழுத்து எஸ். ஆங்கிலத்தில் சி-இ என்று முடியும். ஆங்கில நோட்டில் பி-ஏ-எஸ் என்று எழுதுகிற பிள்ளை மக்கு இல்லை. காதில் விழுந்ததை அப்படியே எழுதும் மலாய் வழக்கத்தை அங்கே கொண்டுபோயிருக்கிறது, அவ்வளவுதான். சிவப்புப் பேனாவால் அடிப்பதற்கு முன்னால், "இது எந்த மொழி எழுத்துக்கூட்டு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பிள்ளையே சொல்லிவிடும்.

இதோடு தாத்தா பாட்டி சங்கதியும் சேர்ந்துகொள்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஈப்போ போகிற வழியில் சிம்மோர் ஊர்ப் பலகையைப் பாருங்கள், சி-எச் என்று தொடங்கும். 1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து மலாய் எழுத்துக்கூட்டைச் சீர்படுத்தின. அதுவரை இங்கே சி-எச் என்று எழுதியது அதற்குப் பிறகு வெறும் சி ஆனது. ஊர்ப் பெயர்கள் சில மட்டும் பழையபடியே தங்கிவிட்டன. அதற்கு முன் பள்ளிக்கூடம் போன தாத்தா 'சாவான்' எழுதினால் சி-எச் போட்டுத்தான் எழுதுவார். தமிழிலும் இதே கதை. 1978இல் தமிழ்நாட்டு அரசு ஆணையிட்ட எழுத்துச் சீர்திருத்தம் பிறகு இங்கேயும் வந்தது. அதற்கு முன் படித்தவர்கள் 'மலை' என்று எழுதும்போது 'லை'க்கு மேலே யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி வரும். 'னா', 'றா', 'ணா' இவற்றில் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு ஒட்டியிருக்கும். பேரப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "தாத்தாவுக்கு எழுதத் தெரியல" என்கிறது! தயவுசெய்து தாத்தாவை ஒதுக்கிவிடாதீர்கள். பழைய எழுத்தைப் படிக்கக் கற்கட்டும், புதிய எழுத்தில் எழுதட்டும். தாத்தா சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதட்டும். அங்கே எழுத்து வடிவச் சண்டைக்கே இடமில்லை.

இனி தமிழ் பக்கம். 'தக்காளி', 'தங்கம்', 'தாகம்': மூன்றிலும் 'க' உண்டு, மூன்றும் ஒரே மாதிரி ஒலிக்கவில்லை. ரூமியில் கே, ஜி, எச் என்று மூன்று எழுத்து பழகிய பிள்ளை, "தமிழில் மற்ற இரண்டும் எங்கே?" என்று கேட்கும். நியாயமான கேள்வி. இரட்டித்தால் அழுத்தம், 'ங்' முன்னால் வந்தால் கனம், இரண்டு உயிரொலிக்கு நடுவில் தனியாக வந்தால் மென்மை. இலக்கணமாக ஒப்பிக்க வேண்டாம். இந்த மூன்று சொல்லையும் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள், போதும்.

வீட்டில் செய்ய வேண்டியது இது. மொழிக்கு ஒன்றாக மூன்று நோட்டு, அட்டை நிறம் வேறு வேறாக. ஒரு மாலைக்கு ஒரு மொழி, பத்து நிமிடம், ஐந்து சொல். முதலில் சொல்லைப் பார்த்து உரக்கப் படிக்க வேண்டும், பிறகு மூடிவிட்டு எழுத வேண்டும், பிறகு பிள்ளையே திறந்து சரிபார்க்க வேண்டும். நிறையப் பேர் கெடுத்துக்கொள்வது எங்கே தெரியுமா? பிள்ளை தயங்கினால், "கொம்பு போடு, கால் போடு" என்று எழுத்து எழுத்தாகச் சொல்லிவிடுகிறோம். அப்போது பிள்ளை எழுதுவது நாம் சொன்ன கோடுகளை, சொல்லை இல்லை. முழுச் சொல்லை மெதுவாக இரண்டு தரம் சொல்லுங்கள், பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். பொறுமை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்து சொல்லும் வீட்டில் புழங்குகிற சொல்லாக இருக்கட்டும். மளிகைச் சாமான் பட்டியலைத் தமிழில் பிள்ளை எழுதட்டும். கடையில் பெரியவர்கள் அதைப் பார்த்தே வாங்க வேண்டும். 'பருப்பு' என்பதைப் 'பறுப்பு' என்று எழுதியிருந்தால் கடையிலேயே திருத்த வேண்டாம், நோட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கைப்பேசியைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழை ரூமியில் தட்டி வாட்ஸ்அப் அனுப்பும் வீட்டில் பிள்ளையும் அதையேதான் செய்யும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்கிற கைப்பேசிச் செயலி இருக்கிறது. அதில் ரூமி எழுத்தைத் தட்டித் தமிழாக்கும் அஞ்சல் முறையும் உண்டு, தமிழ்99 முறையும் உண்டு. பெரியவர்கள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குத் தமிழ்99 வையுங்கள், அதில் விசையிலேயே தமிழ் எழுத்து இருக்கும். முதல் வாரம் மெதுவாகத்தான் வரும், அதற்காக மாற்றிவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.