நெஞ்சுச் சளியும் நெஞ்சு வலியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த வணிகர் சங்கச் செயலாளர் ஐயா அவர்களே, ஓய்வூதியர் சங்கப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பார்கள். கடுமையான ஃப்ளூவும் நிமோனியாவும் இதயத்தை, ரத்தக்குழாயை என்ன செய்கின்றன என்று பேச வந்திருக்கிறேன்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. ஃப்ளூ உறுதியானவர்களுக்கு அதற்கு ஓராண்டு முன்போ பின்போ வந்த 364 மாரடைப்புகளை எடுத்துக்கொண்டார்கள். இதில் ஒரு நயம் பாருங்கள்: ஒருவரை அடுத்தவரோடு ஒப்பிடவில்லை, அவரை அவரோடே ஒப்பிட்டார்கள். அதே ஆள், அதே சர்க்கரை, அதே கொழுப்பு. மற்ற நாட்களில் வாரத்துக்குச் சராசரி 3.3 மாரடைப்பு. ஃப்ளூ உறுதியான பின் வந்த அந்த ஏழே நாளில் எத்தனை தெரியுமா? 20! ஆறு மடங்கு, பெரியோர்களே!

ஏன்? ரத்தக்குழாயின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டுக்கு மெல்லிய மூடி ஒன்று உண்டு. கிருமியோடு போராடும்போது எழும் அழற்சி அந்த மூடியை அரிக்கிறது. அது கிழிந்தால் அங்கேயே ரத்தம் உறைந்து குழாய் அடைபடும். அழற்சி நேரத்தில், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடி ஏறக்குறைய 10 துடிப்பு கூடும். இதயத்துக்கு வேலை ஏறுகிற அதே நேரம், சளி அடைத்த நுரையீரல் ஆக்சிஜனைக் குறைத்துவிடுகிறது.

காய்ச்சல் என்று பிரஷர் மாத்திரையையும் ஆஸ்பிரினையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். உடம்பு வலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்காதீர்கள். அது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும். பெரும்பாலோருக்குப் பாராசிட்டமால் போதும். நெஞ்சு இறுகி வியர்த்தால் சளிதான் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே போய் ஈசிஜி எடுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை! மாரடைப்போடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள் ஃப்ளூ தடுப்பூசி போட்டு, எட்டு நாடுகளில் 2,571 பேரிடம் சோதித்த முடிவு 2021-இல் வந்தது. ஓராண்டில் இறந்தவர்கள், போடாதவர்களில் 4.9 சதவீதம், போட்டவர்களில் 2.9 சதவீதம். நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, மாரடைப்பு வார்டிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் இந்த 0.5 மில்லி ஊசியை இலவசமாகப் போட நீங்கள் குரல் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் போட வேண்டும், வைரஸ் உருமாறுகிறது. பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும் என்பதால், ஐப்பசி மழைக்கு முன் புரட்டாசியிலேயே போட்டுவிட வேண்டும்.

இந்த இலவச ஊசியைக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்திடுங்கள், வீட்டில் இதய நோயாளி இருந்தால் அவர் வயதையும் எழுதுங்கள்.