ஓய்வு பெற்ற மீன்

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணிக்கு வணக்கம். என் அணியினருக்கு வணக்கம் கிடையாது. என் பங்கு பஜ்ஜியை மேடைக்குப் பின்னால் முடித்துவிட்டார்கள். இந்தப் புழுக்கத்தில் அழைப்பிதழையே விசிறியாக்கி உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு மட்டும் இரண்டு வணக்கம்.

கோடைக்குச் சுவை பச்சை மீனா, கருவாடா? எதிரணித் தங்கை பச்சை மீனுக்காகப் பேசினார். புளிக்குப் பதிலாக மாங்காயைக் கீறிப் போட்டு, நெத்திலியைக் கடைசியில் சேர்த்து, ஒரு கொதியில் இறக்கி, மூடி வைத்து, மறுநாள் காலை இட்லிக்கு ஊற்றி... அவர் அந்த இட்லியைத் தொட்டபோது முன்வரிசையில் ஒரு பெரியவர் எச்சில் விழுங்கினார். ஐயா, மறைக்க வேண்டாம். நானும் விழுங்கினேன். கட்சி மாறிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

தங்கையே, ஒரே ஒரு கேள்வி. அந்த மீன் எந்தக் கடலில் பிடித்தது? இது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குள் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக விடப்பட்ட காலம். முன்பு 45 நாள். 2017 முதல் 61 நாள். நாட்டுப்படகுகள் போகலாம். ஆனால் அவை கொண்டுவருவது கரையிலேயே கைமாறிவிடும். மதுரைச் சந்தைக்கு வருவது என்ன? மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது. அங்கே பிடிபட்டு, பெட்டிக்குள் ஐஸ் மெத்தையில் படுத்து, லாரியில் ஏறி, மலையைத் தாண்டி வந்த மீன். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் பச்சை மீன்! கருவாட்டை வெயில் காப்பாற்றுகிறது, அதை ஐஸ் காப்பாற்றுகிறது. கோடையில் நீங்கள் சாப்பிடும் பச்சை மீன் ஐஸில் போட்ட கருவாடு, அவ்வளவுதான்.

கருவாடு அப்படியா? கோடைதான் அதற்குத் தாய்வீடு. சித்திரை வெயிலில் நெத்திலிக்கு உப்புகூட வேண்டாம். இரண்டு நாள் மணலில் கிடந்தால் கையில் அள்ளும்போது சலசலக்கும். வெயிலில் வேர்த்து வந்தவனுக்கு நாக்கு உப்பைத் தேடும். அவன் முன்னால் பழைய சோறு, சின்ன வெங்காயம், தணலில் வாட்டிய நெத்திலி. நடுவர் அவர்களே, இதற்கு மேல் ஒரு விருந்து உண்டா? மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட வாளைக் கருவாட்டுக் குழம்பை நான் சொல்லப்போவதில்லை. சென்னாக்குன்னி என்கிற பொடி இறாலை வறுத்து, தேங்காயும் மிளகாயும் வைத்து அரைத்த துவையலையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் எழுந்து கடலூர்ப் பக்கம் காராமணிக்குப்பம் கருவாட்டுச் சந்தைக்குப் போய்விடுவீர்கள். கேட்க ஆள் இருக்காது.

தலைப்பு முடிந்துவிட்டது. இனி வந்த வேலையைப் பார்க்கிறேன்.

எதிரணித் தம்பி ஒருவர் பேசினாரே, நீலச் சட்டை, அவர் என்ன சொன்னார்? "கருவாடு என்பது ஓய்வு பெற்ற மீன். வேலைக்கு ஆகாது, வாடை மட்டும் போகாது." நீங்களும் கை தட்டினீர்கள். கை தட்டியவர்களை எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். இதைச் சொல்லும்போது தம்பி கருவாட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது இந்த ஊருக்கே தெரியும்.

தம்பி, ஓய்வு பெற்ற மீன் என்றே வைத்துக்கொள்வோம். வேலையில் இருந்த மீனுக்கு என்ன மதிப்பு? காலையில் ஒரு விலை, மாலையில் பாதி விலை, இரவு பூனைக்கு. கருவாட்டுக்கு அப்படி ஒரு மாலை வருவதில்லை. நன்றாகக் காய்ந்தால் மாதக்கணக்கில் இருக்கும். மீன் இல்லாத நாளில், காய் இல்லாத நாளில், சம்பளத்துக்கு முந்தின நாளில், "பரணில் அது இருக்கிறதா, பார்" என்று தேடுகிறார்களே, அந்த மரியாதை வஞ்சிரத்துக்குக் கிடைக்குமா? ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதுவும் கருவாட்டுப் பொட்டலமும் எங்கள் வீட்டில் ஒரே பரணில்தான் இருக்கின்றன. பூனை கருவாட்டை மட்டும்தான் தேடி வருகிறது. கேடயத்தை என் மனைவிகூடத் தேடியதில்லை.

அடுத்து வாடை. அதற்கு ஒரு கதை இருக்கிறது. உண்மைக் கதை. நடுவர் மணியிலிருந்து கையை எடுத்துவிட்டால் சுருக்கமாகச் சொல்வேன்.

1994, மே மாதம். தொண்டியிலிருந்து மதுரைக்குப் போகும் வண்டி. நான் நடத்துநர். தொண்டியில் ஒரு ஆச்சி ஏறினார். தலையில் ஓலைப் பெட்டி, மேலே சாக்கு. நான் சுமைக்கு டிக்கெட் கிழித்தேன். ஆச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "கோழிக்கு டிக்கெட் போட்டாய், சரி, கத்துகிறது. ஆட்டுக்குட்டிக்குப் போட்டாய், சரி, உதைக்கிறது. செத்துக் காய்ந்து சிவனே என்று கிடக்கிற கருவாட்டுக்கும் டிக்கெட்டா? அப்படியென்றால் அதற்கு ஒரு இருக்கை கொடு, சன்னல் ஓரமாக!" வண்டி முழுக்கச் சிரிப்பு. ஓட்டுநர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒருமுறை அணைந்து போனது.

மூன்றாவது வரிசையில் ஒரு பெரிய மனிதர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு தோல்பெட்டி. திருவாடானை தாண்டவில்லை, மூக்கில் கைக்குட்டை ஏறிவிட்டது. "நடத்துநர்! இது பஸ்ஸா, மீன் சந்தையா? மனிதன் மூச்சுவிட வேண்டாமா? அந்தப் பெட்டியைத் தூக்கி வெளியே போடு!" அவர் ஆரம்பித்ததும் மற்றவர்களுக்கும் மூக்கு முளைத்துவிட்டது. அதுவரை நிலக்கடலை தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் "ஆமாம், ஆமாம், தாங்கவில்லை" என்கிறார்கள். ஆச்சி வாயே திறக்கவில்லை. வழி நெடுக அவர் திட்ட, இவர் வெற்றிலை மெல்ல, காளையார்கோவில் வந்தது. ஆச்சி பெட்டியோடு இறங்கினார். வண்டிக்குள் நிம்மதிப் பெருமூச்சு. நான் விசில் ஊதப் போகிறேன். ஆச்சி கீழே நின்றபடி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, என் பெட்டியில் இருப்பது நெத்திலி. உன் வண்டியில் நாறுவது சுறா. மூன்றாவது வரிசையைப் பார்!"

இருங்கள், இருங்கள். கடைசி வரிசையில் அம்மாமார்களுக்குக் கேட்கவில்லை என்கிறார்கள். நடுவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மறுபடி சொல்கிறேன், நல்ல கதையை ஒருமுறை மட்டும் சொல்வது பாவம்.

ஆச்சி இறங்கியாகிவிட்டது. வண்டி புறப்பட்டது. வாடை போகவில்லை! கூடுகிறது! சிவகங்கைச் சாலையில் அனல் காற்று உள்ளே வர வர, வாடையும் எழுந்து நிற்கிறது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகவில்லை, மூக்கைப் பின்பற்றிப் போனேன். முதல் வரிசை, ஒன்றுமில்லை. இரண்டாவது வரிசை, விபூதி வாசனை. மூன்றாவது வரிசை. வெள்ளைச் சட்டை சன்னலுக்கு வெளியே கண்மாயை ரசிக்கிறது. கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை! "ஐயா, பெட்டியைத் திறங்கள்." "இதில் வழக்குக் காகிதங்கள் இருக்கின்றன." "திறங்கள் ஐயா, நானும் வழக்கைப் பார்க்கிறேன்." திறந்தார். காகிதம் உண்மைதான். செய்தித்தாள், ஐந்து சுற்று. பிரித்தால் உள்ளே படுத்திருக்கிறது பால்சுறாக் கருவாடு, இரண்டு கிலோ! சுறாவின் சதையில் யூரியா உண்டு. அது மாறி அமோனியாவாகிக் கண்ணைக் கரிக்கும். கடற்கரைக்காரர்கள் கண்ணைக் கட்டிவிட்டாலும் மூக்காலேயே அது எந்த மீன் என்று சொல்வார்கள். ஆச்சி தொண்டியிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு, இறங்கும்வரை அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

தம்பி, நீலச் சட்டைத் தம்பி! வாடை, வாடை என்று மேடையில் யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ, அவர் பையை முதலில் சோதிக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் நான் உங்கள் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கலாமா? பாருங்கள், தண்ணீர் குடிக்கிறார்!

அந்தப் பெரிய மனிதர் ஏன் அதைக் கொண்டுபோனார் என்று கேட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார். "சென்னையில் மகளுக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். பால் பற்றவில்லை என்று கடிதம் எழுதியிருக்கிறாள்." பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டும் பால்சுறாக் குழம்பும் கொடுத்தால் பால் ஊறும் என்பது நம் வீடுகளில் இருக்கிற நம்பிக்கை. மாப்பிள்ளை வீட்டில் வாடைக்கு முகம் சுளிப்பார்களே என்ற பயத்தில் ஐந்து சுற்றுச் சுற்றியிருக்கிறார். வண்டியில் மானம் போய்விடுமே என்ற பயத்தில் ஆச்சியை ஏசியிருக்கிறார். நான் பேசாமல் பெட்டியை மூடினேன். மதுரையில் அவர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நிலையத்துக்கு நானே ஒரு ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். முடித்துவிடுகிறேன்.

எதிரணியில் தமிழாசிரியர் இருக்கிறார். அவருக்குத் தெரியும், நற்றிணையில் 45ஆம் பாட்டு. கொடி பறக்கும் பெரிய ஊரிலிருந்து தேரில் ஒரு செல்வன் மகன் வருகிறான், பரதவர் வீட்டுப் பெண்ணைத் தேடி. அவளுடைய தோழி அவனிடம் சொல்கிறாள்: நாங்கள் சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை ஓட்டுகிறவர்கள், "புலவு நாறுதும், செல நின்றீமோ." எங்கள் மேல் மீன் நாறும், தள்ளி நில்லுங்கள். அதே சுறா. அதே வாடை. மூன்றாவது வரிசை மட்டும்தான் அந்தப் பாட்டில் இல்லை.

கதையை இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் ஒன்றை விட்டுவிட்டேன். அந்தப் பெரிய மனிதர் சத்தம் போட்டபோது, ஆச்சியைக் கடைசி இருக்கைக்கு எழுப்பி அனுப்பியது நான்தான். "உங்களால் மற்றவர்களுக்குத் தொந்தரவு" என்றேன். அவர் பேசாமல் எழுந்து போனார்.

நான் யார் தெரியுமா? தொண்டிக்குப் பக்கத்தில் கடற்கரையில் கருவாடு காயப்போட்டு விற்ற ஒருத்தியின் மகன். எனக்கு வேலை கிடைத்தது 1986இல். முதல் கோடையில் எனக்கு மதியம் தொண்டியில் அரை மணி நேரம் ஓய்வு. அம்மா தூக்குவாளியில் பழைய சோறும், இலையில் சுற்றிச் சுட்ட நெத்திலியும் கொண்டுவருவாள். பஸ் நிலையத்துச் சிமெண்ட் பலகையில் வைத்துவிட்டு, பத்தடி தள்ளிப் போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, "வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்" என்பாள். "கையில் கொடு அம்மா" என்று கிட்டப் போனால் பின்னால் நகர்வாள். "வராதே. காக்கிச் சட்டையில் வாடை ஏறும். டிக்கெட் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள்."

எத்தனை கோடை அப்படிப் போனது! திருவாடானைச் சந்தைக்கு அவளும்தான் போவாள். என் வண்டியில் ஒருநாளும் ஏறியதில்லை. நான் விசில் ஊதி வண்டியை எடுக்கும்வரை மரத்தடியில் நின்றுவிட்டு, அடுத்த வண்டிக்குக் கூடையைத் தூக்குவாள்.

இப்போது அவள் இல்லை. தம்பி, நான் ஓய்வு பெற்ற அன்று போட்டிருந்த காக்கிச் சட்டை பரணில், அந்தக் கேடயத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவ்வப்போது எடுத்து முகத்தில் வைத்துப் பார்ப்பேன். டீசல் வாடை வருகிறது. வேறு எந்த வாடையும் அதில் ஏற அவள் விடவில்லை.

வணக்கம்.