'அவர்' என்ற ஒரு சொல்

வணக்கம் நேயர்களே.

சங்க அகப்பாட்டில் வரும் தோழியைத் தூது போகிறவள் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அது அவளுக்குச் செய்கிற அநியாயம். தொல்காப்பியம் அவளைச் செவிலியின், அதாவது தலைவியின் வளர்ப்புத்தாயின், மகள் என்கிறது. தலைவியோடு கூடவே வளர்ந்தவள். அவளுடைய பெரிய வேலை, காதலை வீட்டாருக்குத் தெரியப்படுத்துவது. அறத்தொடு நிற்றல் என்பது அதன் பெயர். இதுவரை மறைத்தவளே இப்போது சொல்லவேண்டும். தலைவியின் நாணமும் கெடக்கூடாது.

குறுந்தொகை 23ஆம் பாட்டைப் பாருங்கள். ஔவையார் பாடியது. மகள் மெலிகிறாள், காரணம் தெரியாத தாய், குறி சொல்லும் கிழவியான கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறாள். கட்டுவிச்சி மலைகளைப் பாடிக்கொண்டே போகிறாள். அப்போது தோழி வாய் திறக்கிறாள்:

"அகவன் மகளே அகவன் மகளே
மனவுக்கோப்பு அன்ன நன்னெடுங் கூந்தல்
அகவன் மகளே பாடுக பாட்டே
இன்னும் பாடுக பாட்டே அவர்
நன்னெடுங் குன்றம் பாடிய பாட்டே"

ஐந்தே அடி. 'அகவன் மகள்' என்பது கட்டுவிச்சிதான். சங்குமணிக் கோவை போல நரைத்த கூந்தலைப் புகழ்கிறாள், இன்னும் பாடச் சொல்கிறாள், அவ்வளவுதான். ஆனால் நாலாம் அடியின் கடைசியில் 'அவர்' நிற்கிறது. எவர்? தாய் கேட்டே ஆகவேண்டும். வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். 'அவர் நன்னெடுங் குன்றம்' என்று ஒரே மூச்சில் ஓடிவிடுகிறார்கள். 'அவர்' என்றதும் ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். தாய் நிமிர்ந்து பார்ப்பது உங்களுக்கே தெரியும். கூந்தலுக்குப் போட்ட அதே 'நன்னெடும்' குன்றத்துக்கும் வருகிறது, கவனித்தீர்களா? கிழவியைப் புகழ்ந்த வாயோடு தலைவனின் மலையையும் புகழ்ந்துவிட்டாள்!

பேசுவது கட்டுவிச்சியிடம், கேட்கவேண்டியது தாய். நம் வீடுகளிலும் இது உண்டுதானே? விருந்தாளி எழும்பாமல் இருந்தால் பிள்ளையைப் பார்த்து, "நேரமாச்சு, படுக்கப் போ" என்போம். சாடைப் பேச்சு. தலைவன் வேலிக்கு வெளியே வந்து நிற்க, தலைவியிடம் பேசுவதுபோல அவன் காதில் விழப் பேசுவதும் இந்த வகைதான். அதற்குச் சிறைப்புறம் என்று பெயர். ஆகவே எந்தத் தோழி பாட்டிலும் யாரிடம் பேசுகிறாள் என்பதோடு, யார் கேட்கிறார் என்றும் பாருங்கள்.

அறத்தொடு நிற்க ஏழு வழி சொல்கிறது தொல்காப்பியம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தோழி 261 அடியும் செவிலியிடமே பேசுகிறாள்: யானை வந்தது, வெள்ளம் இழுத்தது, தலைவன் காத்தான் என்று. ஏழையும் விரிக்க இன்று நேரமில்லை.

ஈழத்துப் பூதன்தேவனார் பாட்டு ஒன்றையாவது சொல்லிவிடுகிறேன். குறுந்தொகை 343. 'அவனோடு போவதை நினைத்துப் பார்' என்று தோழி தலைவியைத் துணிய வைக்கிறாள். யானையோடு மோதி இறந்த புலி, கோடைக்காற்றில் விழுந்த வேங்கைக் கிளைபோலக் கிடக்கும் மலைநாட்டுக்காரன் அவன். நேரம் முடிகிறது, பாட்டைத் தேடி வாசியுங்கள். வணக்கம்.