கான்ஸ்டான்டினோப்பிளின் போலிச் சாட்சி

நேயர்களுக்கு வணக்கம்.

1453ஆம் ஆண்டு மே 29ஆம் தேதி, பைசாந்தியப் பேரரசின் (கிழக்கு ரோமப் பேரரசின்) தலைநகரான கான்ஸ்டான்டினோப்பிள், அதாவது இன்றைய இஸ்தான்புல், துருக்கியர் கையில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்த ஆண்டுதான். அந்த முற்றுகையின்போது நகருக்குள்ளேயே இருந்து, கடைசிப் பேரரசர் பதினொன்றாம் கான்ஸ்டன்டைனுக்கு வலது கையாக வேலை பார்த்து, பிற்பாடு தன் நினைவுகளைக் கிரேக்கத்தில் எழுதி வைத்தவர் ஜார்ஜ் ஸ்ப்ரான்ட்செஸ். அவர் எழுதியதைப் பற்றியும், அவர் எழுதாமலே 300 ஆண்டுகளுக்கு மேல் அவர் பெயரில் உலவிய இன்னொரு நூலைப் பற்றியும்தான் இன்று பேசப் போகிறேன்.

ஸ்ப்ரான்ட்செஸ் 1401இல் பிறந்தவர். நகரம் விழுந்ததும் குடும்பத்தோடு பிடிபட்டார். அவர் விடுதலையாகிவிட்டார், பிள்ளைகளுக்கு அது வாய்க்கவில்லை. மகனைச் சுல்தான் கொன்றார். மகள் சுல்தானின் அந்தப்புரத்திலேயே நோயில் இறந்தாள். கடைசியில் கோர்ஃபு தீவில் துறவியாகி, 1477 வரை குறிப்புகள் எழுதினார்.

அவர் பெயரில் இரண்டு நூல்கள் கிடைத்தன. ஒன்று சின்னது, கிட்டத்தட்ட நாட்குறிப்பு மாதிரி. அதில் முற்றுகைக்குச் சில பத்திகள்தான். பேரரசர் இறந்ததைச் சொல்லும் இடத்தில், அந்த நேரம் நான் அவர் பக்கத்தில் இல்லை, அவர் கட்டளைப்படி நகரின் வேறொரு பகுதியைப் பார்வையிடப் போயிருந்தேன் என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். மற்றது பெரியது. 1258இலிருந்தே கதையைத் தொடங்குகிறது. முற்றுகையைப் பக்கம் பக்கமாக விவரிக்கிறது. கடைசிப் போருக்கு முந்தைய நாள் பேரரசர் ஆற்றிய நீண்ட உரையும் அதில் உண்டு.

யாராக இருந்தாலும் பெரியதைத்தான் கையில் எடுப்பார்கள். முதலில் குறிப்பு எழுதினார், அப்புறம் ஓய்வாக உட்கார்ந்து விரித்து எழுதினார் என்று அறிஞர்களும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். பெரிய நூலின் லத்தீன் மொழிபெயர்ப்பு 1604இல் ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் நகரில் அச்சானது. ரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய கிப்பன் அதைத்தான் நம்பினார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நகரில் ஆயுதம் ஏந்தக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லும்படி பேரரசர் ஸ்ப்ரான்ட்செஸைக் கேட்டார். சின்ன நூல்படி, கிரேக்கர்கள் 4773 பேர், வெளிநாட்டவர் ஏறக்குறைய 200 பேர். அந்த எண்ணிக்கை பேரரசருக்கும் தனக்கும் மட்டுமே தெரிந்த ரகசியமாக இருந்தது என்கிறார். பெரிய நூலைத் திறந்தால் கிரேக்கர்கள் 4973 பேர், வெளிநாட்டவர் 2000 பேர்! கிப்பன் புத்தகத்திலும் 4970 என்றுதான் இருக்கிறது. 4773உடன் 200ஐக் கூட்டினால் 4973 வருகிறதே. வெளிநாட்டவரை ஒருமுறை கிரேக்கர்களோடு சேர்த்துவிட்டு, மறுபடி அவர்களையே பத்து மடங்காக்கி விட்டார்களோ என்பது என் ஊகம்.

1930களில்தான் குட்டு உடைந்தது. கிரேக்க அறிஞர் ஃபாலியர் பாபடோபுலோஸ் 1935இல், பெரிய நூலைத் தொகுத்தவர் ஸ்ப்ரான்ட்செஸ் அல்ல, 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, கிரேக்கத்தின் மொனெம்வாசியா நகரப் பேராயர் மகாரியோஸ் மெலிஸ்ஸேனோஸ் என்று வாதிட்டார். அடுத்த ஆண்டு ஜெர்மானியர் ஃபிரான்ஸ் டோல்கர், அதே மகாரியோஸ் பழைய அரச ஆவணங்களையும் போலியாகத் தயாரித்தவர் என்று எழுதினார். 1946இல் ரேமோன் லோனெர்ட்ஸ் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பெரிய நூலுக்காக வாதாடுவது கஷ்டமாகிவிட்டது.

சுவடியின் வயதை வைத்துக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். இங்கே அது உதவாது, இரண்டு நூலுமே பிற்காலப் பிரதிகளில்தான் நமக்குக் கிடைக்கின்றன. பெரிய நூலை வரி வரியாக மற்ற நூல்களோடு ஒப்பிட்டுத்தான் பிடித்தார்கள். பழைய செய்திகள் மற்ற கிரேக்க வரலாற்றாசிரியர்களிடம் வாங்கியவை. முற்றுகை விவரங்களும் பேரரசரின் உரையும், கியோஸ் தீவைச் சேர்ந்த ஆயர் லியோனார்ட் 1453இல் லத்தீனில் எழுதிய கடிதத்தை ஒட்டி வருகின்றன. நகருக்குள் இருந்து கண்ணால் பார்த்தவர் எதற்காக இன்னொருவர் கடிதத்தைப் பார்த்து எழுத வேண்டும்?

நோக்கமும் தெரியவந்தது. பெரிய நூலில் மொனெம்வாசியா பேராயத்தின் பழைய உரிமைகளும் மெலிஸ்ஸேனோஸ் குடும்பத்தின் பெருமையும் தாராளமாக வருகின்றன. மகாரியோஸின் உண்மையான குடும்பப் பெயர் மெலிஸ்ஸூர்கோஸ். பிரபு வம்சத்துப் பெயரை அவராகவே சூட்டிக்கொண்டார். துருக்கியருக்கு எதிரான கிளர்ச்சி ஒன்றில் கலந்துகொண்டு, அது தோற்றதும் ஸ்பானியர் ஆட்சியில் இருந்த நேப்பிள்ஸுக்கு ஓடிப்போய் 1585இல் அங்கேயே இறந்தார்.

பதிப்பாளர்கள் பங்கும் இதில் இருக்கிறது. 1828இல் வரலாற்றாசிரியர் நீபூர் ஜெர்மனியின் பான் நகரில் தொடங்கிய நூல் வரிசைதான் பைசாந்திய வரலாற்று நூல்களை 19ஆம் நூற்றாண்டு நூலகங்களில் கொண்டு சேர்த்தது. நல்ல காரியம்தான், ஆனால் அவசரம் அதிகம். பல தொகுதிகள் பழைய அச்சுப் பிரதிகளை லேசாகத் திருத்தியவை. 1838இல் இம்மானுவேல் பெக்கர் அந்த வரிசையில் ஸ்ப்ரான்ட்செஸ் என்று வெளியிட்டது பெரிய நூலை. ஒரு பதிப்பு அலமாரியில் ஏறிவிட்டால் அடுத்து வருபவர்கள் அதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள், சுவடியைத் தேடிப் போகிறவர் ஆயிரத்தில் ஒருவர்.

புக்கரெஸ்டில் வசீலே கிரெகு 1966இல் செய்தது எனக்குப் பிடித்த ஏற்பாடு. சின்ன நூலை ஸ்ப்ரான்ட்செஸ் பெயரில் முன்னால் வைத்தார். பெரிய நூலைத் தூக்கி எறியவில்லை, பின்னிணைப்பாக மகாரியோஸ் பெயரிலேயே அச்சிட்டார். 1990இல் ரோமில் ரிக்கார்தோ மைசானோ சின்ன நூலுக்கு முறையான ஆய்வுப் பதிப்பு கொண்டுவந்தார்.

பெரிய நூலில் மட்டும் வரும் சில தகவல்கள் உண்மையாக இருக்கலாமே என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெனிஸ் மருத்துவர் நிக்கோலோ பார்பரோவின் நாட்குறிப்பு, லியோனார்ட் கடிதம், அக்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர்கள் டூகாஸ், கிரிட்டோபுலோஸ் என்று வேறு சாட்சிகள் இருக்கும்போது, மகாரியோஸ் மட்டும் சொல்வதை ஒதுக்கி வைப்பதில் நட்டமில்லை. நேப்பிள்ஸில் தஞ்சம் புகுந்த ஒரு கிரேக்கப் பாதிரியாருக்கு 1453 எப்படித் தோன்றியது என்று அறிய அவரைப் படிக்கலாம், அது வேறு விஷயம்.

கான்ஸ்டன்டைனின் கடைசி உரை இன்றும் இணையத்தில் சுற்றுகிறது, ஸ்ப்ரான்ட்செஸ் பெயரோடு. கண்ணில் பட்டால் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று பாருங்கள். 1838ஆம் ஆண்டு பான் பதிப்பு என்று இருந்தால், அது மகாரியோஸ் கைவரிசை.

நன்றி, வணக்கம்.